இடக்கைப் பிடி குறித்து

ஆனி 21, சனிக்கிழமை. விடியலிலிருந்தே சாரல்.

மதிப்பிற்குரிய குறிப்பேட்டுக்கு, பணிவான வணக்கம். பன்னிரண்டு நாட்கள் காலம் தாழ்த்தி வருகிறேன். பொறுத்தருள்க. காரணம் சோம்பல் அன்று, அவமானம். அன்றே எழுதியிருந்தால் எழுத்து கோணியிருக்கும். கோணல் எழுத்தை நான் எவருக்கும் காட்டியதில்லை. தங்களுக்கும் காட்ட விருப்பமில்லை.

நடந்தது இது. இலஞ்சி தாண்டி அண்ணாச்சியின் தென்னந்தோப்பு. குற்றாலத்துக்குச் சீசனில் வருகிறவர்களை அங்கே நாற்சக்கர ஏ.டி.வி. வண்டிகளில் ஏற்றிச் சுற்றவிடுவது மூன்று ஆண்டுகளாக என் பொறுப்பு. வண்டிகள் மூன்று. மூன்றும் சிவப்பு. அவற்றோடு வந்த ஆங்கிலக் கையேட்டை, எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்பது நாட்களில் படித்து முடித்தேன். இவ்வண்டிகளுக்குக் கிளட்ச் கிடையாது. இடக்கைப் பிடி என்பது பின்சக்கரப் பிரேக். கியர் மாற்ற மூன்றே கட்டளைகள்: விரலை எடு, காலை அழுத்து, மெல்ல விடு. (விரல் என்றது வலது கட்டைவிரலை. ஆக்சிலேட்டர் அங்கே.)

பன்னிரண்டு நாட்களுக்கு முன் நான்காவது வந்தது. பச்சை. புனலூரில் யாரோ ஓட்டிக் கழித்தது. கையேடு இல்லை. அண்ணாச்சியின் மருமகன் கோயம்புத்தூர்க்காரர்; இந்த ஆண்டிலிருந்து தோப்பின் நிர்வாகம் அவரிடம். பெரிய பைக்குகள் ஓட்டுகிறவர். (இனி மா. என்று குறிப்பேன், மாப்பிள்ளை.) அவர் கேட்டார்: "இதுக்குக் கிளட்ச் இருக்குதுங்களே அக்கா. ஓட்டிருவீங்களா?"

நான், எல்லோர் முன்னிலையிலும்: "எந்த ஏ.டி.வி.க்கும் கியர் மாத்த கிளட்ச் வேண்டாம் தம்பி. நான் சொல்லுதேன்."

ஏறி அமர்ந்தேன். இஞ்சின் ஓடியது. காலை அழுத்தினேன். வண்டி கன்றுக்குட்டி போல ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது. இரண்டாம் முறையும். மூன்றாம் முறையும். நான்காம் முறை துள்ளியது அணையாமல் போய் ஓரத்து டயர் அடுக்கில் முட்டி நின்றது. மா. சிரித்தார். டிக்கெட் கொடுக்கும் கோமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததுதான் கூடுதலாக வலித்தது.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு இடைவேளையில், எவரும் பாராதபோது, பச்சையோடு பழகி வருகிறேன். இன்று அணையாமல் பன்னிரண்டு முறை எடுத்தேன். ஆகவே எழுதத் துணிந்தேன்.

மற்றவை: குடைக் கம்பி ஒன்று முறிந்தது. சீருடை மூன்றாம் நாளாகக் காயவில்லை. நாளை ஞாயிறு, கூட்டம்.


ஆனி 22, ஞாயிறு. சாரல் ஓய்ந்து மழையே ஆயிற்று.

ஐந்தருவியிலும் பேரருவியிலும் வெள்ளம். குளிக்கத் தடை. துண்டும் சோப்பும் கையுமாக வந்த கூட்டமெல்லாம் நம் தோப்பில். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை உட்காரவில்லை.

வாசலில் புதிய பலகை. இரவோடிரவாகக் கட்டியிருக்கிறார்கள். சிவப்பெழுத்து: "கியர் மாற்றும் முன் இடக்கைப் பிடியை (கிளட்ச்) அழுத்தவும். அனைத்து வண்டிகளுக்கும் பொருந்தும்."

பிழை எதுவென்று பிறருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். பச்சைக்கு அது சரி. சிவப்பு மூன்றுக்கும் அது பிரேக். கியர் மாற்றும்போதெல்லாம் பிரேக் பிடிக்கச் சொல்கிறது பலகை. சமதரையில் வண்டி நிற்கும், கேலியோடு போய்விடும். நமது ஓட்டப்பாதையில் குளத்துக்கரை ஏற்றம் ஒன்று இருக்கிறது. அங்கே?

மா.விடம் சென்று பணிவாகவே சொன்னேன்.

"ஏனுங்க அக்கா, அன்னைக்குக் கிளட்ச் வேண்டாம்னீங்க, டயர்ல போய் முட்டுனீங்க. இன்னைக்குப் பலகை தப்புங்கறீங்க. எதைத்தானுங்க நான் நம்பறது?"

"அது பச்ச தம்பி. இது செவப்பு."

"வாடிக்கையாளருக்கு ஆளுக்கொரு பாடம் எடுக்க முடியுங்களா? எல்லாத்துக்கும் ஒரே ரூல். எல்லா வண்டியும் வண்டிதானுங்க."

எல்லா வண்டியும் வண்டிதான். எல்லா மாப்பிள்ளையும் மாப்பிள்ளைதான். இதைச் சொல்லவில்லை. எழுதுகிறேன்.

நாள் முழுவதும் அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்று, உரத்த குரலில், வருகிற ஒவ்வொருவருக்கும் சொன்னேன்: "செவப்புல ஏறுதவங்க இடக்கையத் தொடாதீங்க. வெரல எடு, கால அமுக்கு, மெல்ல விடு." கடையநல்லூரிலிருந்து வந்த ஒருவர் கேட்டார்: "அப்ப மேல எழுதியிருக்கதம்மா?" நான்: "அது அலங்காரத்துக்கு."

மா. கேட்டுக்கொண்டிருந்தார்.

மாலையில் குரங்கு ஒன்று டிக்கெட் சுருளைத் தூக்கிக்கொண்டு மரமேறியது. கோமதி கீழே நின்று, "ஏ சாமி, சுத்தணும்னா கீழ எறங்கி வா, ஓசியில விடுதேன்" என்று கெஞ்சினாள். சிரித்தேன். ஆகவே அவளை மன்னித்தாயிற்று.


ஆனி 23, திங்கள். வெயில், திடீரென.

சிவப்பு இரண்டாம் எண் வண்டியில் ஒரு வாரமாகக் கியர் கரகரப்பு. மா.வின் தீர்ப்பு: "கிளட்ச் பிடிக்காம மாத்தி மாத்தி இவங்க பல்லை ஒடைச்சிட்டாங்க." இவங்க என்றது என்னை.

என் கணவர் டெம்போ ஓட்டுகிறார்; பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறிப் பாரம். காலைப் பாரத்தை இறக்கிவிட்டு வந்தவரைப் பிடித்து வண்டியை டெம்போவில் ஏற்றித் தென்காசிக்குக் கொண்டுபோனோம். புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மெக்கானிக் பீர். என்னைவிட இளையவர், கை சுத்தம்.

பீர் இஞ்சின் பக்கவாட்டில் ஒரு சிறு மூடியைத் திறந்தார். உள்ளே நட்டு ஒன்று, அதன் நடுவில் திருகு ஒன்று.

"யக்கா, பல்லெல்லாம் நல்லாத்தான் கெடக்கு. இந்த கிளட்ச் திருகு லூசாயிட்டு. அம்புட்டுதான்."

"கிளட்சே இல்லாத வண்டியில கிளட்ச் திருகு எதுக்கு தம்பி?"

பீர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "யாரு இல்லன்னது? உள்ளுக்குள்ள ரெண்டு கெடக்கு. ஒண்ணு வண்டி கெளம்பும்போது தானா பிடிக்கும். இன்னொண்ண நீங்க காலால அமுக்குதீங்கள்லா, அந்த லீவரே தள்ளி விட்டுரும். கால எடுத்தா மறுபடி பிடிச்சிரும். கையில இல்ல, கால்ல இருக்கு. நீங்க கிளட்ச் இல்லன்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியுதீக."

என் கணவர் டெம்போக் கதவில் சாய்ந்தபடி: "கேட்டுக்கோ. நாப்பது நாளு படிச்சா."

மூன்று ஆண்டுகள் தவறான சொல்லால் சரியான செயலைக் கற்பித்திருக்கிறேன். மெல்ல விடு என்றால் ஏன் மெல்ல என்று எவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. கால் மெல்ல எழும்போதுதான் கிளட்ச் பிடிக்கிறது. இப்போது தெரியும். வெட்கம் அரை மணி நேரம். பிறகு மகிழ்ச்சி. இரண்டும் எனக்கே உரியவை, மா.வுக்குப் பங்கில்லை.

நட்டைத் தளர்த்து, திருகைத் தடை தட்டுகிற வரை திருப்பு, அங்கிருந்து கால் சுற்றிலும் குறைவாக எதிர்த்திசையில், நட்டை இறுக்கு. நானே செய்தேன். பீர் பார்த்துக்கொண்டிருந்தார். கரகரப்பு நின்றது.

மா.விடம் தெரிவித்தேன். கைப்பேசியிலிருந்து தலை நிமிரவில்லை. "சரிங்க."


ஆனி 24, செவ்வாய். காற்று. தென்னை மட்டை விழுந்து கோமதியின் தகரக்கூரை நெளிந்தது, ஆளுக்கு ஒன்றுமில்லை.

மதியம் பச்சை மீது முறையான சோதனை. இடக்கைப் பிடியை இ.பி. என்று சுருக்குகிறேன்.

நின்ற நிலையிலிருந்து, இ.பி. தொடாமல்: துள்ளல், மரணம்.
ஓட்டத்தில் ஒன்றிலிருந்து இரண்டு, விரலை மட்டும் எடுத்து, இ.பி. தொடாமல்: கியர் விழுந்தது. ஓசை இல்லை!
இரண்டிலிருந்து மூன்று: அவ்வாறே.
மூன்றிலிருந்து இரண்டு, இ.பி. தொடாமல்: "கடக்". என் முதுகெலும்பு வரை.
நிறுத்தும்போது இ.பி. தொடாமல்: அணைந்தது.

ஆகவே பச்சைக்கு: எடுக்க, நிறுத்த, கியர் இறக்க இ.பி. கட்டாயம். ஏற்றும்போது மட்டும் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் பழகாதவருக்கு அதைக் கற்பிக்க மாட்டேன்; பல்லுக்குக் கேடு.

இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் இதைச் சொன்னேன். சிறு பிள்ளைக்குச் சொல்வது போலப் பதில்: "இதுக்குப் போயி நோட்டுப் போட்டு எழுதுதியாக்கும்? ஏளா, ஒருநா கிளட்ச் வயரு அந்து, தக்காளி லோடோட பாவூர்சத்திரத்துலயிருந்து வீடு வந்து சேந்தேன். மேல போடுதது சத்தத்தக் கேட்டுத் தட்டுனா விழுந்திரும். கீழ போடத்தான் கிளட்ச் வேணும். டெம்போக்காரன் எவனக் கேட்டாலும் சொல்லுவான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? நீதான் புக்கு படிச்சவளாச்சே."

இரண்டாவது முறை மோர் ஊற்றவில்லை.


ஆனி 26, வியாழன். சாரல், விட்டு விட்டு.

எழுத்து கோணவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

மதியம் ஒன்றரை. பம்புசெட்டு அறையின் பின்னே சோற்றைப் பிரித்தேன். பாதிச் சாப்பாட்டில் ஒரு பெண்ணின் அலறல், குளத்துக்கரைப் பக்கமிருந்து. எச்சில் கையோடு ஓடினேன்.

சிவப்பு ஒன்றாம் எண், தென்னையடிப் பள்ளத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. ராஜபாளையத்திலிருந்து வந்த ஆசிரியை ஒருவர், நாற்பது வயதிருக்கும், மண்ணில் அமர்ந்து முழங்கையைப் பிடித்திருந்தார். தோல் உரிந்து இரத்தம். கணுக்கால் வீக்கம். அவர் கணவர் கத்திக்கொண்டிருந்தார். மா. வெளிறிப் போய் நின்றார்.

இஞ்சினை அணைத்தேன். காயத்தைக் கழுவினேன். துண்டைக் கிழித்துக் கட்டினேன். ஆசிரியை அந்த வலியிலும் ஒழுங்காகச் சொன்னார், வகுப்பில் சொல்வது போல: "மேட்டுல பாதி ஏறிட்டேன். கியர் மாத்தணும்னு தோணுச்சு. போர்டுல இருந்தமாதிரி, அந்த சார் சொன்னமாதிரி, எடது கைப் பிடியைப் பிடிச்சேன். வண்டி நின்னுடுச்சு. கால் கியர்லயே அழுத்திட்டு இருந்துச்சு. பயந்து கையை விட்டேன். அப்படியே பின்னாடி உருண்டுடுச்சு."

திங்களன்று பீர் சொன்னது அப்படியே கண்முன். கால் அழுத்தத்தில் கிளட்ச் விடுபட்டிருக்கிறது. இஞ்சின் பிடிமானம் இல்லை. வண்டியைப் பிடித்து நிறுத்தியிருந்தது அந்த இ.பி. ஒன்றே. அதையும் விட்டால்? ஒழுங்காகப் பலகைக்குக் கீழ்ப்படிந்தவர்தான் விழுந்தார். அலட்சியக்காரர் எவரும் விழவில்லை.

அவர் கணவர் மா.வின் சட்டையைப் பிடிக்காத குறை. "யாருய்யா இங்க சொல்லித் தர்ற ஆளு?"

மா. கை நீட்டினார். என்னை நோக்கி.

"இவங்கதானுங்க ஆபரேட்டர். சரியா சொல்லித் தர்றதில்லைங்க, பல தடவை கண்டிச்சிட்டேன்."

ஆசிரியை தலை நிமிர்ந்து, "இவங்க இல்ல, நீங்கதானே..." என்று தொடங்கினார். அதற்குள் கார் வந்தது. ஏற்றிப் போய்விட்டார்கள். பெயர் கூடக் கேட்டு வைக்கவில்லை. அது என் பிழை.

மூன்று மணிக்குக் கோமதி பக்கத்தில் வந்து நின்றாள். வாழைக்காய்ச் சிப்ஸ் பொட்டலத்தை நீட்டினாள். "யக்கா, நான் பாத்தேன். அவருதான் ஏத்தி விட்டாரு. அவரேதான் கையப் பிடிச்சி, இதை அமுக்குங்கன்னு காட்டுனாரு."

"அண்ணாச்சிகிட்ட சொல்லுவியா?"

"என் பேர மட்டும் இழுத்துராதக்கா. எனக்கு ரெண்டு பிள்ளைய."

சிப்ஸை வாங்கிக்கொண்டேன். கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.


ஆனி 28, சனி. வானம் மூடியே.

அண்ணாச்சி அழைத்தார். தோப்பு வீட்டின் முன்னறை. மா. பக்கத்தில் நாற்காலியில். எனக்கும் நாற்காலி போட்டார்கள், நின்றேன்.

அண்ணாச்சி நல்லவர். இதை வஞ்சமின்றி எழுதுகிறேன். சண்டை அவருக்கு ஆகாது. தோப்பில் எது நடந்தாலும் யாராவது ஒருவர் மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும். அது கோப்பில் சேர வேண்டும். அத்தோடு காபி குடித்துவிட்டுக் கலைய வேண்டும். இது அவர் ஏற்படுத்திய வழக்கம். அக்கடிதங்களை எழுதுகிறவள் நான். கையொப்பம் பிழை செய்தவருடையது, வாசகம் என்னுடையது.

"ஏட்டி உலகம்மா, வந்தவுக போன் போட்டு சத்தம் போடுதாவ. போலீசுக்குப் போவோம்ங்காவ. நீ ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துரு. நான் சரியா சொல்லிக் குடுக்கல, தப்பு என்னுதுதான்னு. அதக் காட்டி நான் பேசி முடிச்சிருதேன்."

"நான் சொல்லிக் குடுக்கவே இல்ல அண்ணாச்சி. நான் அங்கன இல்ல."

"அதான் பிரச்சனைங்க," என்றார் மா. "இருந்திருக்கோணும்."

"சாப்பாட்டு நேரம்."

அண்ணாச்சி கையை உயர்த்தினார். "ஒருத்தரு மேல ஒருத்தரு சொன்னா முடியுமா? ஒரு காயிதம்தானட்டி. உன்ன யாரு தூக்குல போடப்போறா? நீதான் நம்ம தோப்புலயே நல்லா எழுதுதவ. அழகா நாலு வரி எழுது. பொறவு வாரவுகளுக்கு அந்தப் பலகைல உள்ளதையே சொல்லிக் குடுத்துட்டுப் போ. மாப்பிள்ளை மனசும் குளிரும்."

"எழுதலன்னா?"

அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்தார். மா. பதிலளித்தார்: "திங்கக்கிழமை ஒம்பது மணிக்குக் கடிதம் வரோணும். இல்லீங்கன்னா நீங்க வர வேண்டாம். வண்டிய ஓட்டத் தெரிஞ்ச பசங்க நெறைய இருக்காங்க."

தெரிந்தவர்கள் நிறைய இருக்கலாம். எந்த வண்டிக்கு எந்தக் கை என்று தெரிந்தவர்?

காபி வந்தது. குடிக்கவில்லை. அண்ணாச்சி வீட்டுக் காபியைக் குடிக்காமல் எழுந்தது இதுவே முதல்முறை.


ஆனி 29, ஞாயிறு. மழை.

கூட்டம் குறைவு. மா. நேரில் நின்று பார்த்தார். பலகையில் உள்ளதை ஒருவருக்கும் சொல்லவில்லை. சிவப்புக்குச் சிவப்பின் முறை, பச்சைக்குப் பச்சையின் முறை. ஒரு சொல் மட்டும் மாற்றினேன். முன்பு, "இதுக்குக் கிளட்ச் கிடையாது" என்பேன். இன்று, "இதுக்குக் கிளட்ச் உங்க கால்ல இருக்கு" என்றேன். எல்லோரும் தம் காலைக் குனிந்து பார்க்கிறார்கள். பார்த்த பிறகு காலை மெல்ல எடுக்கிறார்கள். நல்ல மாற்றம்.

இடையில் வரைவுகள்.

வரைவு 1: "என் கவனக்குறைவால்" — அடித்தாயிற்று. கவனம் குறையவில்லை.
வரைவு 2: "அன்று நேர்ந்த வருந்தத்தக்க நிகழ்வுக்கு" — யார் வருந்துவது என்று இல்லை. அழகான வரி. ஆகவே ஆபத்தானது. அடித்தாயிற்று.
வரைவு 3: வெறும் தாள். அதையே கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம்.

மாலையில் கணவர்: "எழுதிக் குடுத்துத் தொலையேன். ஒரு காயிதம்தான?"

எல்லோரும் இதையே சொல்கிறார்கள், ஒரே சொற்களில். இதை முதலில் சொன்னவள் நான் என்பதை இரண்டு நாட்களாக எழுதாமல் தள்ளி வருகிறேன். எழுதிவிடுகிறேன்.

போன ஆண்டு பம்புசெட்டு மோட்டார் எரிந்தது. அன்று அதை ஓட்டியது யாரென்று எவருக்கும் தெரியாது. காவல்காரர் சுடலைமுத்து அண்ணன், தான் ஓட்டவில்லை என்றார். அண்ணாச்சிக்கு ஒரு கடிதம் வேண்டியிருந்தது. சுடலைமுத்து அண்ணனுக்கு எழுத வராது. நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன்: "ஒரு காயிதம்தான அண்ணே. நான் எழுதுதேன், நீங்க கையெழுத்துப் போடுங்க." அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டார். வாசகம் இன்றும் மனப்பாடம்: "என் அறியாமையால் விளைந்த இப்பெரும்பிழைக்கு நானே முழுப்பொறுப்பு என்பதைத் தலைவணங்கி ஒப்புக்கொள்கிறேன்." அன்று அந்த வரியை இரண்டு முறை வாசித்து நானே மகிழ்ந்தேன்.

தை மாதம் வேலியோரம் கம்பி காணாமற்போனது. கோப்பைத் திறந்தார்கள். "ஏற்கெனவே ஒத்துக்கிட்டவருதானுங்களே" என்றார் மா. அவர் வந்து பத்து நாட்கள் கூட ஆகவில்லை; மனிதரைத் தெரியாது, தாளைத் தெரியும். சுடலைமுத்து அண்ணன் இப்போது கடையத்தில் ஒரு செங்கல் சூளையில் இருக்கிறார். ஒருமுறை பஸ்ஸில் பார்த்தேன். "நல்லா இருக்கியாம்மா?" என்றார். அவ்வளவுதான்.

கணவரிடம் இதைச் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார்.

"அப்பம் எழுதாத."

"வேல போயிரும்."

"போட்டும். ஆனா வாய மூடிக்கிட்டு வந்துராத. உன்னால அது முடியவும் செய்யாது."

மோர் ஊற்றினேன். இரண்டு முறை.


ஆனி 30, திங்கள். காலை ஆறு. மழை இல்லை.

குளித்தாயிற்று. சீருடை காய்ந்திருக்கிறது. கடிதம் எழுதி முடித்தேன். ஒரே மூச்சில், அடித்தல் திருத்தல் இன்றி. பிரதி இங்கே. கொஞ்சம் நீளம்.

"அண்ணாச்சி அவர்களுக்கு, உலகம்மாள் எழுதுவது.

இது மன்னிப்புக் கடிதம் அன்று. கோப்பில் சேர்ப்பதானால் இதைப் படித்த பிறகு சேர்க்கவும்.

பச்சை வண்டி வந்த அன்று, எந்த வண்டிக்கும் கிளட்ச் வேண்டாம் என்று சொன்னேன். அது தவறு. சிவப்பு வண்டிகளுக்குக் கிளட்சே கிடையாது என்று மூன்று ஆண்டுகள் சொன்னேன். அதுவும் தவறு, உள்ளே இருக்கிறது, கால் அதை இயக்குகிறது. இவ்விரண்டு தவறுகளும் என்னுடையவை. இவற்றால் அடிபட்டது ஒரு டயர் அடுக்கும் என் பெருமையும். மனிதர் எவரும் இல்லை.

வியாழக்கிழமை அந்த ஆசிரியையை ஏற்றி அனுப்பியவர் தங்கள் மருமகன். சொல்லிக்கொடுத்ததும் அவரே. பலகையில் இருந்ததை அவர் சொன்னார், அந்த அம்மாள் அப்படியே செய்தார், விழுந்தார். இதை நான் எவரிடமும் கேட்டு எழுதவில்லை. விழுந்தவரே என்னிடம் சொன்னார். அவரோடு தொலைபேசியில் பேசுகிறீர்கள் அல்லவா? அவரையே கேளுங்கள்.

என் சொல்லை நம்ப வேண்டியதில்லை. தாங்களோ மாப்பிள்ளையோ சிவப்பு ஒன்றாம் எண்ணில் ஏறி, குளத்துக்கரை மேட்டின் பாதியில், பலகை சொல்கிறபடி ஒருமுறை செய்து பாருங்கள். நான் கீழே நிற்பேன். உருண்டு வந்தால் தாங்கிக்கொள்வேன்.

வண்டிக்கு ஒரு சிறு பலகை போதும். சிவப்பில்: இடக்கை பிரேக். பச்சையில்: இடக்கை கிளட்ச். நானே எழுதித் தருகிறேன். வாசலில் உள்ள பெரிய பலகை இறங்க வேண்டும்.

இன்னொன்று. கோப்பில் சுடலைமுத்து அண்ணன் பெயரில் ஒரு கடிதம் இருக்கிறது. கையொப்பம் அவருடையது. ஒவ்வொரு சொல்லும் என்னுடையது. மோட்டாரை ஓட்டியது அவர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது போல எழுதினேன். அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். அது அவரிடம் போய்ச் சேர வேண்டும். அவருக்குச் சொல்ல வேண்டியதை நானே நேரில் சொல்வேன். இனி இத்தோப்பில் எவருக்காகவும் மன்னிப்பு எழுத மாட்டேன்.

நான்கு வண்டிகளின் சாவிகளும் என்னிடம் உள்ளன. ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பேன். பலகை இறங்குவதா, சாவி கைமாறுவதா என்பதை ஒரே வரியில், தங்கள் கையெழுத்தில், எழுதித் தாருங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

விரைவாகப் பதில் தேவை."